நான் வாப்பாவுக்குச் சொல்லாமல் விட்டது

மருத்துவர் ஆங்கிலத்தில் நான்கு விடயங்கள் சொன்னார். நான் வாப்பாவுக்கு மூன்றைத்தான் சொன்னேன்.

கொழும்பில், சத்திரசிகிச்சை விடுதிக்கு வெளியே நடையில் வைத்து. வாப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைச் சாறனால் மூடியிருந்தார். உம்மா கல்முனையில், வீட்டில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். வாப்பா வயல் செய்பவர்; கையெழுத்து மட்டும் போடுவார். உம்மா ஐந்தாம் வகுப்பு. அதனால் மருத்துவக் கோப்பு என் கையில் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நோய் சிறிதாகத்தான் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் வாப்பா கதவோரம் மாறினார். குத்பாப் பிரசங்கம் முடியுமுன் இரண்டு தடவை எழும்பிப் போனார். இரத்தத்தில் பி.எஸ்.ஏ (புரஸ்டேட் விடும் ஒரு புரதத்தின் அளவு) கூடியிருந்தது. பயொப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) புற்றுநோயை உறுதிப்படுத்தியது. புரஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) முழுதாக எடுத்துவிட்டார்கள்.

நோய் வெளியே போய்விட்டது என்றார் மருத்துவர். சிறுநீர் சில மாதம் கசியும், பயிற்சியால் குறையும். பாரம் தூக்கக் கூடாது. நான்காவது: சுரப்பியை ஒட்டிப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டதால் விறைப்பு உடனே வராது. ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். முன்புபோல் வராமலும் போகலாம். அடுத்த முறை மனைவியும் வரட்டும், இதற்கும் வழிகள் உண்டு.

"என்ன மகள் செல்றாரு?"

"மத்ததெல்லாம் போகப் போகச் சரியாகும் எண்டு செல்றாரு வாப்பா."

சத்திரசிகிச்சைக்கு முன் வாப்பா ஒப்பமிட்ட படிவத்திலும் அந்த வரி இருந்தது. அதையும் தாண்டித்தான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா மெத்தையை முன்னறைக்கு மாற்றினார். கசிவின் வெட்கம் என்று உம்மா நினைத்தார். பெரியவர்களுக்கான பம்பர்ஸை வாங்கி அலுமாரிக்குள் வைப்பேன். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கமாட்டோம். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அவர் வயல் வரம்பில் நின்றபடியே செய்தார். நான்காம் மாதம் சாறன் நனையவில்லை. மெத்தை மட்டும் திரும்பிப் போகவில்லை.

ஒரு காலையில் பையோடு வாசலில் நின்றார். இரண்டு சாறன், சேட், மருந்துக் குளிசைகள்.

"பாலமுனைக்குப் போறன். ராத்தாட ஊட்ட."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. ஆண் அங்கே வந்து வாழ்கிறவர். அவர் உடுப்புப் பையோடு சகோதரி வீட்டுக்குப் போனால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விவாகரத்து.

உம்மா கேற்றைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் என்ன குத்தம் செஞ்சன்?"

"நீ ஒண்டும் செய்யல்ல புள்ள. எல்லாம் சரியாகும் எண்டு டொக்டர் சென்னாரு. எனக்குச் சரியாகல்ல. பிழை என்னிலதான். புருசனா இல்லாம ஒன்ட ஊட்ல எப்பிடி இரிக்கிற? நீ வேணுமெண்டா காதி கோட்ல விடுதல கேளு. நான் மறுக்கமாட்டன்."

அரைவாசி துருவிய தேங்காயோடு அடுப்படியில் நின்றேன். 'எல்லாம் சரியாகும்' மருத்துவரின் வார்த்தை அல்ல, என்னுடையது.

வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. மருத்துவர் சொன்ன நான்காவதைக் கொப்பித் தாளில் தமிழில் எழுதி உம்மாவிடம் கொடுத்தேன். "இத நான் செல்லாம உட்டுட்டன் உம்மா." வாப்பாவைப் பையோடு பிடித்து இழுத்துக்கொண்டு உம்மா அறைக்குள் போனார். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, அவர் வாசிப்பது வெளியே கேட்டது. படித்த நான் தாண்டிய வரியை, அவர் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார்.

"இதுக்கா பேக்கு கட்டின நீங்க? முப்பது வருசமா ஒங்கட குறட்டயோட படுத்துப் பழகிட்டன். நாலு மாசமா எனக்கு நித்திர இல்ல. காதி கோட்டுக்குப் போறெண்டா அதுக்குத்தான் போகணும்."

வாப்பா மூக்கை உறிஞ்சினார். "குறட்டயும் நிண்டு போச்செண்டா?"

"அப்ப நானே பாலமுனைக்கு பஸ் ஏத்தி உடுறன்."

என்னை வாப்பா ஏசவில்லை. "மகள், இனி அரைவாசி செல்லாத" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த கிளினிக்குக்கு உம்மாவும் வந்தார். கேள்விகளை அவரே கேட்டார். காது சுடச்சுட எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். சிலருக்குக் குளிசை உதவும். இருதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. காற்றை உறிஞ்சி இரத்தத்தை வரவைக்கும் ஒரு கருவியும் உண்டு.

"ஒண்டும் சரிவராட்டி?" என்றார் உம்மா.

விறைப்பு இல்லாவிட்டாலும் தொடுகையின் சுகம் போவதில்லை, அவசரமில்லாமல் நெருக்கமாக இருங்கள் என்றார் மருத்துவர்.

"அது எங்களுக்குத் தெரியும். அதுக்குக் கொழும்புக்கு வரத் தேவல்ல எண்டு செல்லு."

சொன்னேன். மருத்துவர் சிரித்தார். வாப்பா நிலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேர் போடாம எழுது. ஒன்னப்போல கோப்பு தூக்கிற புள்ளயள் வாசிக்கட்டும்" என்றார் உம்மா. அவர்களுக்குத்தான் இது. வாயால் முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். அல்லது கணவன் மனைவி இருவரையும் மருத்துவர் முன் இருத்திவிட்டு, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லக்கூடிய ஒரு தாதியைக் கேளுங்கள்.

முன்பு எங்கள் வருடத்தை நெற்போகங்கள் பிரித்தன. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை பிரிக்கிறது. குளிசை சில நாள் கேட்கிறது, சில நாள் இல்லையாம்; அதற்கு மேல் உம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெத்தை பழைய இடத்தில் இருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில், உம்மா வாப்பாவின் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிவிடுகிறார். பகலில், பிள்ளைகள் பார்க்க, அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதை நான் முன்பு கண்டதே இல்லை. நேற்று தேத்தண்ணியோடு வந்த நான் வாசலில் நின்றுவிட்டேன். வாப்பா என்னைப் பார்த்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை.