இரண்டு கலரில் ஒரு குரங்கு

நான் புத்தகத்தில் வரப்போகிறேன் என்ற செய்தியை முதலில் பால்காரரிடம்தான் சொன்னேன். அவர் "அப்படியா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்தார். எனக்கு அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், தெருக்குழாயடியில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரை மறித்துக்கூடச் சொன்னேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் விஷயம் தெரியாத ஆள் ஒருவரும் பாக்கி இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சங்கதி வேறென்ன இருக்க முடியும்?

படம் வரைந்தது என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. டிராயிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வாத்தியார் வேலைக்காக வீட்டில் காத்திருந்தாள். அந்த வருஷம் எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்ட ஒரு திரை வரைந்து கொடுத்தாள். அவள் வரைந்த பெத்லகேமில் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை இருந்தது, ஏரிக்கரைப் பனைமரம் இருந்தது, இடையர்கள் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் விழுப்புரத்தில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று போடப்போவதாகவும், படம் வரைந்து தர முடியுமா என்றும் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அத்தை சரி என்று சொல்லிவிட்டாள்.

கதை சின்னதுதான். ஓர் அரக்கி இளவரசியைக் கோபுரத்து அறையில் பூட்டிவைக்கிறாள். இளவரசி வளர்த்த குரங்கு அரக்கியிடமிருந்து சாவியைத் திருடிக் கதவைத் திறந்துவிடுகிறது. கறுப்பும் இன்னொரு கலரும்தான் அச்சடிக்க முடியும் என்று அச்சகக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அத்தை ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தாள். என்னையும் படத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"என் பாவாடைய ஊதாவுல போடு அத்தை."

"ஊதா கெடையாதுடி. ஆரஞ்சு வேணும்னா சொல்லு, போடறேன்."

முதலில் தடித்த அட்டையில் கறுப்பு மையால் வரைவாள். பிறகு அதன்மேல் மெல்லிய பட்டர் பேப்பரை ஒட்டி, எங்கெல்லாம் ஆரஞ்சு வர வேண்டுமோ அங்கெல்லாம் அந்தத் தாளில் தீட்டுவாள். தாளைத் தூக்கினால் வெறும் கோடு. இறக்கினால் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன்! அந்த ஒரு தாளைத் தூக்கவும் இறக்கவும் எனக்கு எத்தனை தடவை அனுமதி கிடைத்தாலும் சலிக்காது. மூச்சு வாங்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும். "கிழிச்சிடப்போற, பேஜாரு புடிச்சவளே" என்று அத்தை என் கையைத் தட்டிவிடுவாள்.

அத்தையிடம் ஒரு சிக்கல் இருந்தது. பார்க்காத முகத்தை அவளால் வரைய முடியாது. "மனசுல இருந்து மூஞ்சி வராதுடி எனக்கு. கண்ணால பார்த்தாதான் கைக்கு வரும்" என்பாள். அதனால் கதையில் வரும் ராஜாவுக்கு அப்பாவின் முகம். மந்திரிக்குப் பால்காரர் முகம். காவல்காரனுக்குக் கோயில் மணியடிக்கிறவர் முகம். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கு அதில் ரகசியப் பெருமைகூட உண்டு. சும்மா இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று மீசையை நீவிக்கொள்வார்.

எல்லோரையும்விட அதிகமாக உழைத்தது நான்தான். கொய்யாமரக் கிளையில் தொங்கினேன். கொல்லைச் சுவரிலிருந்து குதித்தேன். குந்தி உட்கார்ந்து தலையைச் சொறிந்தேன். கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். "அப்படியே நின்னுகினு இரு, ஆடாத, ஆடாத" என்று கத்தியபடி அத்தை மடமடவென்று பென்சிலை ஓட்டுவாள். இத்தனை பாடும் இளவரசிக்காகத்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஒரே ஒரு முறை மட்டும், இளவரசி எதற்காகத் தலையைச் சொறிய வேண்டும் என்று கேட்டேன். "ஏன், இளவரசிக்குப் பேன் இருக்காதா?" என்றாள் அத்தை. நியாயமாகத்தான் பட்டது.

முடிந்த படங்களை அவள் காட்டமாட்டாள். டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயே திறக்கவில்லை, எல்லாவற்றையும் அவருடைய அம்மாவே பேசினார். மோவாயில் பெரிய மரு. மூக்கின் நுனியில் மூக்குக்கண்ணாடி. காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றது. அத்தையின் விரலில் ஒட்டியிருந்த மையை அந்தக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்தக் கிறுக்குற வேலையெல்லாம் எங்க ஊட்டுல ஒத்து வராது. இப்பவே சொல்லிட்டேன்."

"அதெல்லாம் கல்யாணம் ஆனா தன்னால உட்டுடும்ங்க" என்றார் அப்பா.

அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "எனக்கு வேணாம் அண்ணி" என்றாள். "எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாளுங்க" என்று அம்மா வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தாள். அப்பா ஒன்று தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். அத்தை அதற்குப் பிறகு விடுபட்டிருந்த கடைசிப் படங்களை உட்கார்ந்து வரைந்து முடித்தாள்.

சம்பந்தம் பேசி முடிக்க அவர்கள் மறுபடியும் வந்தார்கள். எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பேச்சே கிடையாது. அடுத்த ஞாயிறு கோயிலில் பூசைக்கு நடுவே இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்துவிடுவார்கள். அம்மா விடிந்ததிலிருந்து மட்டன் பிரியாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தெருவெல்லாம் மணத்தது.

அத்தையைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பொட்டியில உன் படமெல்லாம் இருக்கு. சாவிய பத்திரமா வச்சிக்கினு இரு. நான் சொல்ற வரைக்கும் தொறந்துடாத, இன்னா?"

"சத்தியமா தொறக்கமாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கூடத்தில் இலை போடும் சத்தம் கேட்கும்வரை அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். அதற்குமேல் முடியவில்லை. என் கையில் சாவி, பெட்டிக்குள்ளே நான்! எப்படிச் சும்மா இருப்பது?

பெட்டியைத் திறந்தேன். முதல் அட்டையிலேயே கொய்யாமரம். கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு குரங்கு. அதற்கு என்னைப் போலவே முன்பல் இல்லை. என்னுடைய இரட்டைச் சடைகூட இருந்தது. அடுத்த அட்டையில் சுவரிலிருந்து குதிக்கும் குரங்கு. அதற்கடுத்ததில் தலையைச் சொறியும் குரங்கு. இளவரசியோ ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அத்தையின் மூக்கு. பால்காரரிலிருந்து சாமியார் வரைக்கும் நான் சொல்லி வைத்திருந்த அத்தனை பேரும் கண்முன்னால் வந்து நின்றார்கள். அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"அத்தை என்னைக் கொரங்கா போட்டுடுச்சு!"

இலை முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். வாய் திறக்காத மாப்பிள்ளைகூடச் சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவருடைய அம்மாதான். "குடு பாப்பா, எப்படி இருக்கறன்னு பாக்கலாம்" என்று அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்து, "அந்த ராஜா நான்தாங்க" என்றார். "மந்திரி எங்க பால்காரரு. என் தங்கச்சிக்குக் கண்ணால பார்த்த மூஞ்சிதாங்க கைக்கு வரும். அச்சு அசலா அப்படியே இருக்கும் பாருங்க."

அந்த அம்மாள் அடுத்த அட்டையைப் புரட்டினார். பட்டர் பேப்பரைத் தூக்கினார். இறக்கினார். மறுபடியும் தூக்கினார்.

கோபுர வாசலில் அரக்கி நின்றிருந்தாள். மோவாயில் மரு. மூக்கு நுனியில் கண்ணாடி. கையிலே டம்ளர், சுண்டுவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றது. கண்ணிரண்டும் நல்ல ஆரஞ்சு.

எனக்குச் சட்டென்று துக்கமெல்லாம் பறந்துபோய்விட்டது. நான் மட்டும் தனியாக அவமானப்படவில்லை!

"ஐ, உங்களையும் போட்டிருக்கு!" என்று குதித்தேன்.

"அது வேற யாரோங்க" என்று அப்பா ஆரம்பித்தார், ஆனால் சற்று முன் அவரே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மாளின் விரல் தானாகப் போய் மருவைத் தொட்டது. பிறகு அட்டைகளை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுந்திருடா" என்றார் மகனிடம். யாரும் கை நனைக்கவில்லை. பிரியாணி அண்டா அப்போதுதான் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்! அம்மா என் முதுகில் ரெண்டு வைத்தாள். அப்பா உள்ளறை வாசலில் நின்று, "இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க நீ?" என்று கத்தினார்.

"பார்த்த மூஞ்சிதானண்ணா கைக்கு வருது. நீதான சொன்ன" என்றாள் அத்தை. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அழுவாத, வேற எடம் பாக்கலாம்" என்று தேற்றினாள். அத்தை இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். சாப்பிடும்போது தன் இலையிலிருந்த நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைத்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் எலும்பை விடவில்லை.

சில நாள் கழித்து, படங்களைக் கொடுக்க விழுப்புரத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. அச்சகத்தில் மை வாசனை, மெஷினின் தடதடப்பு, மேசை மேசையாகக் காகிதம். இங்கேதான் நான் ஆயிரம் குரங்காக ஆகப்போகிறேன் என்று நினைத்தபோது கோபத்தையும் மீறி உடம்பு சிலிர்த்தது. குரங்கு ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது, இளவரசி நாலே பக்கத்தில்தான் வருகிறாள் என்பதை அங்கேதான் கவனித்தேன். எனக்குக் கொஞ்சம் சமாதானமாகக்கூட இருந்தது.

அச்சகக்காரர் கடைசி அட்டையில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? கதையில கொரங்கு அரக்கிகிட்ட இருந்து சாவியத் திருடுதுன்னு இருக்கு. நீங்க இளவரசியே ஜன்னல் வழியா சாவியக் குடுக்குற மாதிரி போட்டிருக்கீங்களே?"

"அப்படியே இருக்கட்டும் சார்" என்றாள் அத்தை.

அவருக்கும் படம் பிடித்திருந்தது போலும், விட்டுவிட்டார். எனக்கு விடமுடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதையே கேட்டேன்.

"சாவி அவகிட்டயே இருந்தா, அவளே தொறந்துகினு வந்திருக்கலாமில்ல? கொரங்குகிட்ட எதுக்குக் குடுத்தா?"

"பூட்டு வெளியில இல்ல தொங்குது? உள்ள இருக்கறவளுக்குக் கை எட்டாதுடி."

"கொரங்கு சாவியத் தொலைச்சிட்டா?"

"இந்தக் கொரங்கு தொலைக்காது" என்று அத்தை என் சடையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, அந்தக் குரங்குக்கு வால் தேவைக்கு அதிகமாக நீளம் என்று திண்டிவனம் வரும்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.