அவர் பணம் கட்டிய ஆள்

எனக்கு வாய் நீளம். என் கணவருக்கு வாயே கிடையாது. எங்கள் வீட்டுச் சண்டைகளையெல்லாம் நான் ஒருத்தியே இரண்டு பக்கத்துக்கும் பேசி முடித்திருக்கிறேன். நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. அவர் விரி என்கிற பகுதியில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எனக்குப் பக்கத்து மங்கரேயில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில்.

அவருக்குக் கோல்ஃப் பந்தயத்தைப் பழக்கியது கிடங்கில் கூட வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. போட்டி தொடங்குவதற்கு முன்பே, கடைசியில் யார் வெல்வார் என்று ஓர் ஆளின் மேல் போனில் பணம் கட்டிவிட வேண்டும். இவர் கட்டுவது ஒரு காபி விலைதான். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிகிற ஆட்டம் எங்களுக்குத் திங்கட்கிழமை காலையில் முடியும். இவருக்கு மதிய ஷிப்ட் என்பதால், திங்கட்கிழமைகளில் காபியும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

தம்பி வாரம் ஒருவன் மேல் கட்டுவார். இவர் எப்போதும் ஒரே ஆள். நாற்பதைத் தாண்டியவன், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறவன். என்றைக்கோ ஒரு தடவை ஜெயித்தானாம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இவர் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் அவன் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தானாம். கோபப்படாமல் அதே இடத்தில் நின்று இன்னொரு பந்தை அடித்தானாம். அதுவும் தண்ணீருக்குள் போனதாம். "அப்பவும் அவன் மூஞ்சி மாறல," என்றார் இவர். இதற்காக ஒருவன் மேல் பணம் கட்டுவார்களா? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் இவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினால் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், விட்டுவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவருடைய அண்ணன் மதுரையில் இதே மாதிரி ஆபரேஷனுக்கு நடந்து போனவர். திரும்பி நடந்து வரவில்லை. அது எனக்கும் தெரியும், அதனால் முதலில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம் என்பதால் ரொம்ப நாள் முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணி, திங்கட்கிழமை காலை மறுபடியும் கூப்பிடுகிறேன், முடிவைச் சொல்லுங்கள் என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு இவரைக் கேட்டேன். "என்னதான் சொல்றீங்க? போறீங்களா, இல்லையா?"

"இந்த வாரம் என் ஆளு ஜெயிச்சா போறேன்."

"யாரு?"

"அவன்தான். ஜெயிச்சா ஆபரேஷன். இல்லேன்னா விட்டுடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பெரிய காரியம் என்றால் சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். இவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதனால் முட்டி வலிக்காரன் ஒருவனைப் பூப் பொட்டலமாக ஆக்கிக்கொண்டார். என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் தம்பிக்குப் போன் போட்டு, அவன் ஜெயிப்பானா என்று கேட்டேன்.

"அக்கா, நூறு பேருக்கு மேல விளையாடுவினம். ஒருத்தன்தான் வெல்லுவான். இரண்டாவதா வந்தாலும் எங்களுக்கு ஒண்டுமில்லை. அண்ணையின்ர ஆள் வெல்லுறது சரியான கஷ்டம்."

"அது அவருக்குத் தெரியுமா தம்பி?"

"ஓம், வடிவாத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகமாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், தோற்கப்போகிற ஆளாகப் பார்த்து அந்தச் சொல்லை அவன் தலையில் கட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஐயர், "யார் பேருக்கு?" என்றார். அந்தக் கோல்ஃப்காரன் பேரைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம்?" என்றார்.

வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்? பின்னால் வரிசை நிற்கிறது. "அனுஷம்," என்று சொல்லிவிட்டேன். அது என் கணவருடைய நட்சத்திரம். வேறு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஐயர் சங்கல்பத்தில் அந்தப் பேரை மிகுந்த சிரமத்தோடு சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஜெயிக்க வை, அவனை எப்படியாவது ஜெயிக்க வை என்று வேண்டிக்கொண்டேன்.

நம்பவே முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது அவன் முதலிடத்தில் நின்றான். தம்பி போனிலேயே கத்தினார். இவர் மட்டும் கத்தவில்லை. திங்கட்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் முழுதாகப் பார்த்த முதல் கோல்ஃப் ஆட்டம் அது. கடைசிக் குழி. நாலடி தூரத்துப் பந்து, உள்ளே தட்டினால் அவன் ஜெயித்தான். இவர் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அவனும் அடுத்ததாக நின்ற இன்னொருவனும் சமம் என்று இருவரையும் இன்னொரு குழி ஆடவிட்டார்கள். அதில் மற்றவன் ஜெயித்தான்.

"அடப்பாவி!" என்று எழுந்துவிட்டேன். "நாசமாப் போறவனே! நாலடி! உனக்குப் போய் என் புருஷன் நட்சத்திரத்தைக் கொடுத்தேனே!"

இவர் திரும்பிப் பார்த்தார். "என்னத்தைக் கொடுத்த?"

சொன்னேன். அழுதுகொண்டே, கத்திக்கொண்டே, ஐயர் நிமிர்ந்து பார்த்தது வரைக்கும் சொன்னேன். இவர் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "அனுஷம்னா சொன்ன? அவனுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்குடி," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. "எனக்கும்தான்," என்றேன். நர்ஸ் கூப்பிட்டபோது போனை எடுக்க நான் எழுந்தேன். அவர் கையமர்த்திவிட்டு, தானே எடுத்து, சரி, வருகிறேன் என்றார்.

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்த வாரப் போட்டிக்கு மறுபடியும் அதே ஆள் மேல் கட்டிக்கொண்டிருந்தார்.

"திருந்தவே மாட்டீங்களா?"

"திங்கக்கிழமைதான் முடியும். வந்து பாத்துக்கலாம்," என்றார். பிறகு போனை என் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை இருப்பேன் என்று இவர் தன் வழியில் சொல்கிறார் என்பது புரிந்தது. எனக்கு வந்த அழுகையை அடக்க, தலையணையைத் தட்டித் தட்டிச் சரி செய்தேன்.

வால்வு நன்றாகப் பொருந்தியது. அதன் பிறகுதான் ஏதேதோ கோளாறு, ரத்தக் கசிவு, மறுபடியும் திறந்தார்கள். அவர் கண் விழிக்கவில்லை. சனிக்கிழமை அவருடைய போனைத் திறந்து பார்த்தேன். அந்த ஆள் முதல் இரண்டு நாளும் மோசமாக ஆடி, மீதி ஆட்டத்துக்குத் தகுதி இல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் ஆட்டத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த கோல்ஃப் எல்லாம் அந்த ஒரு நாள் பார்த்ததுதான். அதை வைத்து ஓட்டினேன். உங்க ஆளு நல்லா அடிக்கிறான், உங்க ஆளு முன்னால நிக்கிறான், இதோ கடைசிக் குழி, அதே நாலடி. பொய் என்றால் எனக்குப் பிடிக்காது, மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்தே ஊரோடெல்லாம் பகைத்துக்கொண்டவள் நான். அன்றைக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

"போயிடுச்சுங்க, உள்ள போயிடுச்சு. உங்க ஆளு ஜெயிச்சுட்டான். எந்திரிங்க," என்றேன்.

என் கைக்குள் அவர் விரல் அசைந்த மாதிரி இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். செவ்வாய்க்கிழமை விடிந்த பிறகு என் கணவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணையின்ர ஆளில இந்தக் கிழமை நான் கட்டட்டோ?"

"நீங்க வேண்டாம் தம்பி. நானே கட்டுறேன், எப்படின்னு காட்டுங்க," என்றேன்.

அவன் ஆடுகிற வாரமெல்லாம் கட்டுகிறேன், அதே காபி விலை. திங்கட்கிழமை காலையில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன், வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். முட்டி இப்போது இன்னும் மோசமாகிவிட்டது போல, குனிந்து பந்தை எடுக்கவே கஷ்டப்படுகிறான். நான் கட்டத் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை அந்த மடையன். இவன் ஜெயித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவர் போயிருக்கிறார், அது தெரியாமல் இவன் ஆடிக்கொண்டிருக்கிறான்.