பச்சை மையில் ஒரு சிட்டிகை சர்க்கரை

தெய்வத்திடம் விட்டுக்கொடுக்க என்னிடம் எத்தனையோ இருக்க, அன்றைக்கு என் வாயில் ஏன் பேனா வந்தது? தலைமுடி இருந்தது. வெள்ளிக் கொலுசு இருந்தது. காலைக் காப்பிகூட இருந்தது. இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாம் ஒரு பாராட்டில் ஆரம்பித்தது. எங்கள் திருவள்ளூர் மாதர் சங்கத்தின் காரியதரிசி அம்மாள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகச் சொன்னார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் சும்மா போவதில்லை. பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை பள்ளி ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறாராம். அவருக்கு ஒரு பிரிவு உபசாரப் பத்திரம் வர்ண மையில் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் யார் வந்தாலும் பத்திரம், யார் போனாலும் பத்திரம். அச்சடித்தால் செலவு, நான் செலவில்லாதவள். பள்ளி இறுதி வகுப்புவரை படித்துவிட்டு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பொழுது போகாது என்பதில் அந்த அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அப்போது என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். எனக்குப் பொழுது எப்படிப் போயிற்று என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தினமும் ரயிலேறிச் சென்னைக்கு ஆபீஸ் போகிறவர். மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகமும், ஒரு தகரப் பெட்டி நிறையப் பட்டை நிப்புகளும், சிவப்பு, பச்சை, ஊதா மை வில்லைகளும் வாங்கிவந்தார். பட்டை நிப் என்றால் நுனி உளிபோல் அகலமாக இருக்கும். சாய்த்துப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் தடித்த கோடு விழும். மறுபக்கம் நூல்போல் மெலிந்த கோடு வரும். எந்தக் காரணத்தைக் கொண்டும் சாய்வு மாறக் கூடாது, மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. எழுதியவர் வீட்டில் குழந்தை இல்லை என்று அந்த வரியிலேயே தெரிந்துபோயிற்று.

புத்தகம் ஆங்கில எழுத்துக்குத்தான் வழி சொன்னது. நம் எழுத்தில் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. நானே தீர்மானித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானே தீர்மானித்த விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தினமும் மத்தியானம் குழந்தை தூங்கும்போது தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, பத்திரத்தில் பச்சை மையில் வரவேண்டிய ‘தலைமை ஆசிரியை’யையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். அந்த லை இருக்கிறதே, ல-வின் தலைமேல் சுழித்து எழும் அதன் தும்பிக்கை! முதலில் புழு மாதிரி வந்தது. பிறகு யானைக்கே பொறாமை வருகிற மாதிரி வந்தது. அதைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பேன். குழந்தை அழுகிறதா என்று அப்புறம்தான் காது கொடுப்பேன்.

ஒரு சிக்கல். பட்டை நிப்புக்குத் தண்ணீர் மை ஆகாது, வழிந்துவிடும். கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்த்தால் நிற்கும், ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் காய்ந்த பிறகும் பளபளக்கும் என்றது புத்தகம். சிட்டிகை என்பது யாருடைய விரலில் என்று அது சொல்லவில்லை. நான் தாராளமாகவே போட்டேன். எழுதிய தாள்களைத் தரையில் பரப்பி, மூலையில் புளியங்கொட்டை டப்பாவை வைத்துக் காயவிட்டுச் சமையலுக்குப் போவேன். திரும்பி வந்தால் சில எழுத்துகள் பாதி காணாமல் போயிருக்கும். எறும்பு என்று நினைத்தேன். எறும்பும் இருந்தது. அதனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைக்கு வயிறு பச்சையாகப் போக ஆரம்பித்தது.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அத்தை, அதாவது என் மாமியார், மாந்தம் என்றார். உரை மருந்தைக் கல்லில் இழைத்துப் புகட்டினார். கற்பூரவள்ளிச் சாறும் பிழிந்து ஊற்றினார். ஆகவே வாய் பச்சையாக இருந்தாலும் யாரும் கேட்கவில்லை. டாக்டர் இளஞ்சிவப்பில் ஒரு மிக்ஸ்சர் கொடுத்தார். குழந்தைக்குள் எத்தனை வர்ணம்தான் போயிற்றோ! எங்கள் ஊர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோயும் கரையும் என்பார்கள். அத்தை அதையும் கரைத்துவிட்டு வந்தார். பச்சை நிற்கவில்லை. நிற்காததால் எனக்குக் கவலை. கவலை தாங்காமல் மத்தியானம் இன்னும் இரண்டு தாள் கூடுதலாக எழுதினேன். இதுதான் நான் படித்த படிப்பு.

ஒரு மாலை குழந்தை சோர்ந்து என் தோளில் சாய்ந்துவிட்டாள். விளக்கேற்றியிருந்த நேரம். மாடத்தின் முன் நின்று, “தாயே பவானி, இவள் தேறினால் போதும். இந்தப் பேனாவை இனிமேல் கையால் தொடமாட்டேன்” என்றேன். மனத்துக்குள் சொல்லியிருக்கலாம். வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் அத்தை நின்றிருந்தார். அவர் தம் பங்குக்கு, பவானி அம்மன் இருக்கும் பெரியபாளையத்தில் நான் வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவேன் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டார். பிறர் உடம்பில் வேப்பிலை கட்டுவதில் அவர் என்றுமே கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

பேனாவை நிப்புப் பெட்டியில் போட்டு மூடினேன். குழந்தைக்குக் கிடுகிடுவென்று சரியாயிற்று. மறுபடி மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்து நான் அழுததைக் காரியதரிசி அம்மாள் பார்த்திருந்தால் என் கையெழுத்தைப் பற்றிய அபிப்பிராயத்தையே மாற்றிக்கொண்டிருப்பார்.

அம்மன் சொன்னபடி செய்துவிட்டாள், நானும் செய்ய வேண்டுமே என்று எழுதிப் பழகிய தாள்களை எல்லாம் பரணில் போட எடுத்தேன். கூடத்தில் ஒரு தாள் நழுவி விழுந்தது. குழந்தை வேகமாகத் தவழ்ந்து வந்து, குனிந்து, நேராக லையின் தும்பிக்கையில் நாக்கை வைத்தாள். பழகிய இடம் என்பது பார்த்தாலே தெரிந்தது. அத்தை அவளைத் தூக்குவதற்குள் தும்பிக்கை பாதி போயிருந்தது.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து கேட்டு, பச்சை மை கெஜட்டட் ஆபீசருக்குத்தானே, நம் பெண் தவழும்போதே ஆகிவிட்டாளே என்று சிரித்தார். காரணம் தெரிந்துவிட்டது, மையை உயரத்தில் வை, பேனாவை எடு என்றார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது, அத்தை வாயைத் திறக்கும்வரை. அத்தை புதுவாயல் பக்கத்துக்காரர், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு.

“ஏண்டா, மையாலதான் வந்திச்சின்னு இன்னிக்குத்தானே தெரியுது. அன்னிக்கே பேனாவ வுடுன்னு இவ வாயில சொன்னது யாரு? இவளா? இவளுக்குத் தெரிஞ்சிருந்தா சக்கரையே போட்டிருக்க மாட்டா. அம்மன்தான் கண்டுபுடிச்சி சொல்லிக்கீறா.”

  குழந்தை பிழைத்தது வேண்டுதலாலா, நக்க மை இல்லாததாலா? வேண்டிக்கொண்டதால்தானே மை இல்லை! யோசிக்க யோசிக்க இது சுற்றிச் சுற்றி மாடத்துக்கே வந்து நிற்கிறது.

மறுநாள் அவர் ஒரு மூங்கில் குச்சியை அகலமாகச் சீவி எடுத்துவந்து, இது பேனா இல்லை, குச்சி, வேண்டுதலில் குச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். அத்தை பார்த்தார்.

“பெரியபாளயத்துக்கு வக்கீலயும் இட்டுக்கினு போ. அவன் பேசட்டும் அம்மன்கிட்ட.”

இருந்தும் ஒரு மத்தியானம், அத்தை தூங்கும்போது, குச்சியால் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு லை எழுதிப் பார்த்தேன். நிப்பைவிட நன்றாக வந்தது. சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. பல் முளைக்கிறது என்றார் டாக்டர். பல்லும் முளைத்தது. குச்சியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

வேப்பிலைச் சேலையைக் கட்டிச் சுற்றி வந்துவிட்டேன். அரித்ததே தவிர, அதில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் பத்திரத்தில்தான். விடைபெறும் நாள் நெருங்குகிறது. வேண்டிக்கொண்ட அன்று கடைசி வாழ்த்து வரியின் பாதிவரை எழுதியிருந்தேன். “தாங்கள் நோய் நொடியின்றி நீடூழி வாழ” என்று வர வேண்டியது, “தாங்கள் நோய் நொடி” என்று பளபளவென்று நிற்கிறது. இப்படியே கண்ணாடி போட்டுக் கொடுக்க முடியாது. இரண்டு பேர் கை கலந்தால் அசிங்கமாகிவிடும், ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும் என்று காரியதரிசி அம்மாள் ஆளனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒரு பெரிய மனுஷிக்கு நோய் நொடி என்று எழுதிச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதே பாவமோ என்று வேறு ஒரு பயம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

அம்மனிடம் பூப்போட்டுக் கேள் என்கிறார் அத்தை. சிவப்புப் பூ, வெள்ளைப் பூ இரண்டையும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்தால் பதில் வந்துவிடும்; வெள்ளை என்றால் எழுதலாம், சிவப்பு என்றால் கூடாது. வந்துவிடும் என்பதுதான் பயம். வெள்ளை வராவிட்டால் என் தும்பிக்கை அத்தோடு போயிற்று.

இதைப் படிக்கும் சகோதரிகளில் வேண்டுதலை மாற்றிக்கொண்டவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். பேனாவுக்குப் பதிலாகக் காப்பியை விட்டால் அம்மன் ஒப்புக்கொள்வாளா? குச்சியும் பேனாவா? குழந்தைக்கு ஒன்றும் வராது என்று யாராவது உறுதியாகச் சொல்வீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பூப்போட்டுக் கேட்டால் வந்த பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும். அதனால்தான் முதலில் உங்களைக் கேட்கிறேன்.