வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தொலைபேசி

என்னைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் முதலில் கண்ணில் பட்டவை தெருவிளக்குகள்தான். கிழக்கு ஜெர்மனி. சுவர் விழுந்து மூன்று நாலு வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றிவரப் புல்வெளி, நடுவே புத்தம்புதுத் தார்த்தெரு, நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள். வீடில்லை, கடையில்லை, மனுசர் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுகிற மாதங்களில் அத்தனை விளக்கும் சொல்லிவைத்தாற்போல் எரியத் தொடங்கும். யாருக்கு எரிகின்றன என்று கேட்டால், தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பதில் வரும். மாவட்டத்தின் கைத்தொழிற்பேட்டை அது. ஊர் ஜெர்மன்காரரே அதை வெளிச்சம் போட்ட புல்வெளி என்று நக்கலடிப்பார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நக்கல் விளங்கவில்லை, பயம்தான் வந்தது. ஆளில்லாத தெருவில் விளக்கு எரிந்தால், இருந்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் எழுந்து ஓடினார்கள் என்று தோன்றும். அப்படியான தெருக்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன்.

பேட்டையின் ஓரத்தில் ரஷ்யப் படை விட்டுப்போன கட்டடம் ஒன்று இருந்தது. அதுதான் அகதிகளின் விடுதி. ஹைம் என்போம். என் அறையில் என்னைத் தவிரத் தமிழர் என்று மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை மட்டும். நாற்பது வயதிருக்கும், கத்தோலிக்க வேதக்காரர், அதிகம் கதையாதவர். மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை எப்படியாவது கூப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்களுக்குக் கிடைத்த வேலை அந்தப் பேட்டையைத் துப்புரவாக வைத்திருப்பது. நடைபாதைப் புல் பிடுங்குவோம், நட்ட மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவோம், யாருமே நடக்காத தெருவைக் கூட்டுவோம். எங்களை மேய்த்தவர் ஒரு ஜெர்மன்காரர். மைஸ்டர் என்று கூப்பிடுவோம். இருபது வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடப்பட்ட பிறகு மாவட்டம் கொடுத்த தற்காலிக வேலையில் இருந்தார். வெறும் புல்லைக் காட்டி, ஏழாம் காணித்துண்டுக்கு அச்சகம் வருகிறது, பதினோராம் துண்டுக்கு மேசை கதிரை செய்கிற தளபாடக் கம்பனி வருகிறது என்பார். அவர் சொன்னவற்றில் ஒன்றும் அப்போது வரவில்லை. காலியான தெருக்களில் சாரதிப் பள்ளிக்கூடத்துக் கார்கள் மட்டும் ஊர்ந்து பழகும்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. பேட்டையின் முடிவில் ஒரு ஆள் அகல வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். அவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்களைப் பார்த்துத் தாங்களும் ஒரு பேட்டை போட்டார்கள். அங்கேயும் தெரு, அங்கேயும் விளக்கு, அங்கேயும் புல். வருகிற ஒரு கம்பனியை இரண்டு மாவட்டமும் கையைப் பிடித்து இழுத்தன. நாங்கள் பேருந்துத் தரிப்பிடம் கட்டினால் அவர்கள் தொலைபேசிப் பெட்டி வைத்தார்கள். வெளியிலிருந்து கோல் எடுத்தால் மணி அடிக்கிற பெட்டி.

அந்தப் பெட்டிதான் வினை. ஹைமில் எங்களுக்கென்று தொலைபேசி கிடையாது. அண்ணை பெட்டியின் இலக்கத்தை எழுதி மனைவிக்கு அனுப்பிவிட்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குத் தொலைபேசிக் கடையிலிருந்து கோல் எடுப்பாள். எங்களுக்கு அது பின்னேரம் மூன்றரை. அண்ணை மூன்று மணிக்கே முகம் கழுவி, தலை இழுத்துச் சீவி, வாய்க்காலைத் தாண்டிப்போய்ப் பெட்டிக்குள் நிற்பார். மகள் பாட்டுப் பாடினால் திரும்பி வந்து அதை எனக்கு முணுமுணுத்துக் காட்டுவார். அப்போது மட்டும் மனிதருக்கு இளமை திரும்பிவிடும்.

ஆனால் எங்கள் தங்கும் அனுமதிக் கடுதாசியில் அடித்திருந்த முத்திரை, இந்த மாவட்டத்துக்குள் மட்டும் என்றது. அனுமதி வாங்காமல் எல்லை தாண்டக் கூடாது. வாய்க்காலை ஒரு எட்டில் கடந்துவிடலாம். ஆனால் எங்களைப் பொறுத்தவரை அது நாட்டெல்லை. ஐப்பசியில் பொலிஸ் அண்ணையைப் பெட்டிக்குள் வைத்துப் பிடித்தது. தண்டத்தோடு விட்டார்கள். அடுத்த மாதம் திரும்பவும் பிடித்தது. இந்தத் தடவை வழக்கு. இனியும் பிடிபட்டால் மறியல்தான், சிறையில் போட்டுவிடுவார்கள் என்று மொழிபெயர்த்தவர் சொன்னார்.

அதே நேரத்தில்தான் எங்கள் பக்கத்துக்கு உண்மையாகவே ஒரு கம்பனி வந்தது. உறைந்த உணவுகளைப் பொதி செய்து அனுப்புகிற கம்பனி. பதினோராம் துண்டில் இரும்புத் தூண்கள் எழும்பின. மைஸ்டருக்குக் கால் தரையில் படவில்லை. குளிர் மண்டபத்தில் ஜெர்மன்காரர் நிலைக்க மாட்டார்கள் என்று கம்பனிக்குத் தெரியும். எங்களில் ஆறு பேருக்கு வேலை அனுமதி எடுத்துத் தர அவர்கள் தயார் என்றார். பட்டியல் எழுதினார். நானும் இருந்தேன், அண்ணையும் இருந்தார். வழக்கு வந்ததும் மைஸ்டர் அண்ணையின் பெயரை வெட்டினார். அவருக்கும் அது மனவருத்தம்தான். கோப்பில் கறை இருக்கிறவரை அலுவலகம் வேலை அனுமதி தராது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் திரும்பி, நீயாவது கவனமாக இரு என்றார்.

மார்கழி முதல் வெள்ளிக்கு முதல் நாள் அண்ணை என்னிடம் வந்தார். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் நாள் கேட்கிறான், மனைவி இந்தமுறை கோல் எடுக்கும்போது அவளுக்கு ஓமா இல்லையா என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். கொழும்பில் பொலிஸ் லொட்ஜ் லொட்ஜாக ஏறித் தமிழரை அள்ளுகிறதாம், அவளால் அங்கே இருக்க முடியாதாம்.

"எனக்காக நீ போய், வெளிக்கிடு எண்டு மட்டும் சொல்லு தம்பி. வேற ஒண்டும் வேண்டாம். ஒரு சொல்லுத்தான்."

நான் ஓம் என்றேன். சொல்லும்போது மனமாரத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்கு நான் வாய்க்காலின் இந்தப் பக்கம் நின்றேன். ஈரக் குளிர், மூட்டமான வானம். பெட்டி எண்பது காலடித் தூரத்தில் இருந்தது. அதையும் தாண்டித் தெரு வளைவில் ஒரு கார், முன்விளக்கு எரிந்தபடி அசையாமல் நின்றது. இரண்டு தலை தெரிந்தது. பொலிஸ்தான் என்று என் நெஞ்சு முடிவு கட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

மூன்றரைக்கு மணி அடித்தது. வெட்டவெளியில் அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும்போல் இருந்தது. ஒரு காலை வாய்க்காலின் கரையில் வைத்தேன். பட்டியலில் இருந்த என் பெயர் கண்ணுக்குள் நின்றது, மைஸ்டர் வெட்டிய கோடும் நின்றது. மணி ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. அவள் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். நினைத்தும் காலை எடுக்கவில்லை. மூன்றாம் முறை நெடுநேரம் அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. விளக்குகள் எரியத் தொடங்கின.

அதற்குப் பிறகுதான் கார் நகர்ந்தது. மெல்ல மெல்ல, நின்று நின்று பெட்டியைத் தாண்டி வாய்க்கால் பாலத்தால் என் பக்கம் வந்தது. கூரையில் சாரதிப் பள்ளிக்கூடத்துப் பலகை. உள்ளே ஒரு பெட்டைப்பிள்ளை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஆள் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

அறைக்குத் திரும்பினால் அண்ணை கட்டிலில் செபமாலையோடு இருந்தார். மணி அடிக்கவே இல்லை என்று சொன்னேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்வதென்றுதான் வந்தேன். அவர் முகத்தைக் கண்டதும் வாய் தானாகப் பொய் சொன்னது. லைன் கிடைத்திருக்காது என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

தை மாதம் மைஸ்டருக்குத் தெரியாமல் நானே போய்ப் பெட்டிக்குள் நின்றேன். மாசியிலும் போனேன். அந்த இரண்டு முதல் வெள்ளியும் மணி அடிக்கவில்லை. லொட்ஜுக்கு அண்ணை போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.

கோடையில் அரசாங்கம் மாவட்டங்களை ஒன்றாக்கியது. எங்களதும் பக்கத்து மாவட்டமும் ஒரே மாவட்டம், இரண்டு பேட்டையும் ஒரே பேட்டை. கடுதாசியில் புது முத்திரை அடித்தார்கள். வாய்க்கால் வெறும் வாய்க்காலாகிவிட்டது. பதினோராம் துண்டில் குளிர் மண்டபம் திறந்தது. அச்சகமும் வந்தது, தளபாடக் கம்பனியும் வேறொரு துண்டுக்கு வந்தது; மைஸ்டர் சொன்ன எல்லாம் பிந்தி வந்தன. அந்த மண்டபத்தில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன். குளிர் அறைக்குள் தடித்த தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் பெட்டி அடுக்குவேன். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அந்த மணி கேட்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன என்று கேட்பார்கள், ஒன்றுமில்லை என்பேன். இப்போது மேற்கு ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருக்கிறேன். இன்னும் நிமிர்கிறேன்.

கடிதம் வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. இந்தியாவிலிருந்து, மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்தது. அண்ணை அன்று காலை என்னோடு நடந்து வந்தார். வாய்க்காலைத் தாண்டி, இனி யாரும் தடுக்க முடியாத அந்தப் பெட்டியடியில் நின்று கடிதத்தை வாசித்தார். மார்கழி வெள்ளி மூன்று தரம் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை, உங்களை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டேன். ஏஜென்சிக்காரன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். மன்னாருக்குத் திரும்பினேன், அங்கேயும் இருக்க ஏலாமல் வள்ளம் ஏறினேன். பிள்ளைக்கு வழியில் காய்ச்சல் கண்டு இப்போது சரியாக நடக்கிறாள் இல்லை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அண்ணை கடிதத்தை மடித்தார்.

"தம்பி, அண்டைக்கு நீ போனனிதானே?"

"ஓம் அண்ணை. போனனான். அடிக்கேல்லை."

அவர் பெட்டியைத் திறந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வெளியில் நின்ற எனக்கே லைன் இருக்கிற தொனி தெளிவாகக் கேட்டது. பிறகு ரிசீவரை அலுங்காமல் கொழுவினார்.

"அப்ப அண்டைக்குப் பழுதாக் கிடந்திருக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேரமாகுது, நீ வேலைக்குப் போ."

நான் போனேன்.