மிளகாய் மூடைகளோடு ஒரு வாடகை வீடு

தேவிபட்டினத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் நானும் மனைவியும் வீடு தேடினோம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். மறுநாளே வீட்டுக்காரர் பைக்கில் வந்துவிட்டார். கொஞ்சம் உள்ளே தள்ளிய கிராமத்தில் அவருக்கு மிளகாய் விவசாயம். மகளுக்கென்று கட்டிய வீடு. அவள் கணவனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள்.

"வீடு பூராவும் உங்களுக்குத்தான் தம்பி. கடைசி ரூம் மட்டும் எனக்கு வேணும். வத்தல் மூடை அடுக்கியிருக்கேன். எங்க வீடு ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும். வெலை ஏறுனதும் எடுத்துருவேன்" என்றார்.

நல்ல காற்றோட்டமான வீடு. தலையாட்டிவிட்டோம்.

ஃபேன் போட்டால் கதவிடுக்கு வழியாக மிளகாய் நெடி வரும். வருகிற விருந்தாளிகள் தும்மிக்கொண்டே காப்பி குடிப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போனது. பிறகு மனைவி பிரசவத்துக்குப் பரமக்குடிக்குப் போனாள். மகள் பிறந்தாள். ஒரு மாதம் கழித்து மனைவி போனில் கேட்டாள்: "அந்த நெடியில புள்ளையப் போடச் சொல்றீங்களா? அவர்ட்ட பேசுங்க. இல்லேன்னா வேற வீடு பாருங்க."

ஒத்துக்கொண்டு குடிவந்தவன் நான். தயங்கித் தயங்கி அவர் ஊருக்குப் போனேன். களத்தில் அவரும் மனைவியும் வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வத்தலைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். "வெயிலா இருக்கு, உள்ள வாங்க. சாப்ட்டுப் போகலாம்" என்றார். கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். பேச்சு மழையைப் பற்றியும் வத்தல் விலையைப் பற்றியுமே போனது. இனி எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை வாசலில் ஒரு லோடு வண்டி நின்றது. வீட்டுக்காரரும் டிரைவரும் மூடைகளைத் தூக்கினார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். மூவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது.

"வெலை ஏறிருச்சாண்ணே?"

"எங்க ஏறுச்சு."

"அப்பறம் இத எங்க வைப்பீங்க?"

"நாங்க படுக்குற ரூம்லதான். அது ஒண்ணுதான் ஒழுகாது. நாங்க முன்னால திண்ணையில படுத்துக்குருவோம்."

"பாதியாவது இங்கன கெடக்கட்டும்ணே" என்றேன்.

"பச்சப் புள்ள வர்ற வீடு தம்பி. அன்னைக்கே எங்க வீட்டுல முடிவு பண்ணிட்டாக. எனக்குத்தான் சொல்ல வாய் வரல" என்றவர், அறையைக் கழுவிவிட்டு, மறுநாள் வந்து வெள்ளையும் அடித்துக் கொடுத்தார்.

குழந்தை வந்த வாரத்தில் அவர் வீட்டு அக்கா ஒரு கவுனும் வசம்பும் கொண்டுவந்தார். "இப்ப அங்கன இவுக தும்முறதுல கோழி கூட வீட்டுக்குள்ள வர மாட்டேங்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மழைக்காலம் முடிவதற்குள் நல்ல விலைக்கு விற்றுவிட்டதாகப் போன் வந்தது. நானும் மனைவியும் அன்று பாயசம் வைத்தோம்.

மகள் இப்போது நடக்கிறாள். பைக் சத்தம் கேட்டால் எங்களுக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுகிறாள். வீட்டுக்காரர் அவளை டேங்கின் மேல் உட்காரவைத்துத் தெருமுனை வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.