ஊசி முனையும் முதலுதவி அலுவலர் தெய்வாத்தாளும்

"முதலுதவி அலுவலர்: தெய்வாத்தாள். அவசர நேரத்தில் பதறாமல் செயல்படும் பயிற்சி பெற்றவர்."

அவிநாசிப் பக்கத்து பனியன் கம்பெனி ஒன்றில், 2006இல், மருந்துப் பெட்டிக்கு மேல் புகைப்படத்தோடு இப்படித் தொங்கியது. வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் சோதனைக்கு வந்தால் இப்படி ஒருவர் உண்டா என்று கேட்பார்கள். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்காரியான தெய்வாத்தாள், கோழி அறுப்பதைக் கண்டாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறவள். பயிற்சிக்கு ஆள் கேட்ட அன்று அவள் மேசைக்குத் துணி வந்து சேராமல் சும்மா இருந்தாள், அதுதான் தகுதி.

பஞ்சு பறக்கிற இடம். கண்ணில் தூசி விழுந்தால் முந்தானையைச் சுருட்டி ஊதி, அந்தச் சூட்டில் ஒற்றிக்கொண்டு தையலைத் தொடர்வார்கள். அலுவலரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஒரு மதியம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கருத்தம்மாவுக்கு ஊசி ஒடிந்தது. ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை மெஷின் ஓடக் கூடாது என்பது கம்பெனி விதி. துணிக்குள் மறைந்துபோய் எங்கோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையைக் குத்திவிடக் கூடாதல்லவா? சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி காந்தத்தால் தரையைத் தடவினார். பனியன்களை உதறினார்கள். முனையை மட்டும் காணோம்.

"யண்ணே, அது என் கண்ணுக்குள்ள இருக்குண்ணே," என்றாள் கருத்தம்மா.

துண்டு கிடைத்துவிட்டதே என்று சிலர் முகத்தில் நிம்மதி தெரிந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

"கண்ணத் தெற புள்ள, ஊதிவிடுறேன்," என்று முந்தானையைச் சுருட்டினாள் பக்கத்து மெஷின் சீனியம்மாள்.

"இரும்பு ஊதுனா வருமாங்க? காந்தத்தக் கிட்ட வெச்சா தானா ஒட்டிக்கும்," என்றார் வெள்ளியங்கிரி. தரையில் எத்தனையோ ஊசி பொறுக்கிய காந்தம்; நம்பிக்கை இருக்காதா? "எதுக்கும் அந்த போட்டோக்காரம்மாவக் கூப்புடுங்க."

தெய்வாத்தாள் வந்து பார்த்தாள். கருவிழி ஓரத்தில் ஏதோ மினுங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொடாதீங்க! தொட்டீங்கன்னா இங்கயே வாந்தி எடுத்துப்போடுவனுங்க!"

"ஏம்மா, நீ பர்ஸ்ட் எய்டா, பேஷண்டா?" என்றார் வெள்ளியங்கிரி.

"எதுவா வேணா இருந்துட்டுப் போறனுங்க. காந்தத்த அக்கட்டால வீசுங்க மொதல்ல."

கண்ணைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு புதிய காகித டீ கப்பை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள். விளிம்பு சுற்றியிருந்த எலும்பில்தான் உட்கார்ந்தது, கண்ணில் படவில்லை. பெட்டி ஒட்டும் டேப்பால் ஒட்டினாள். கசக்கப் போன கருத்தம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முனையை எடுத்துவிட்டு வெளியே வந்தார். பிடுங்கியிருந்தாலும் கசக்கியிருந்தாலும் பார்வைக்கே ஆபத்து என்றவர், கப்பை வைத்தது யார் என்று கேட்டார். தெய்வாத்தாள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களாம்மா?"

"குடுத்திருப்பாங்க. கண்ணு படம் போட்டப்ப நான் கண்ண மூடிக்கிட்டனுங்க."

அப்படியானால் அது அறிவா, அருவருப்பா? கருத்தம்மாவுக்குப் பார்வை போகவில்லை. தெய்வாத்தாள் அந்தக் கண்ணை யாரையும் தொடவிடாமல், கப்பால் மூடி, கைகளைப் பிடித்தபடி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.