அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்தவர்

சண்முகவேல் அண்ணாச்சி இறந்துபோன செய்தி எங்கள் கார் ஸ்டாண்டின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீல வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலை போட்ட படம். கீழே ராஜபாளையம் என்று ஊர் பெயர். நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு மாலை போட்டு விளையாடுகிற ஆட்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் உண்டு. அவர் கடை எண்ணுக்கு போன் செய்தேன். அவர் மகன்தான் எடுத்தார். "ஆமா ஏட்டையா, விடியக்காலம். தூக்கத்துலயே போயிட்டாவ" என்றார். அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காவல் துறையில் ஓட்டுநராகச் சேர்ந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் சொந்தமாக ஒரு கார் ஓட்டுகிறேன். சந்தேகம் எனக்கு உடுப்போடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், சந்தேகத்தை யாரும் கேட்கவில்லை. ஸ்டாண்டு நண்பர்களே, உங்களில் பலருக்கு அண்ணாச்சியைத் தெரியும். அவர் பெயரில் உங்கள் மனதில் ஒரு கறை இருக்கிறது. அதை வைத்தவன் நான். துடைக்க வேண்டியவனும் நானே என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ராஜபாளையம் தென்காசி சாலையில் அவர் கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம். காருக்கான எலெக்ட்ரிகல் சாமான்கள் மட்டும் விற்பார். வாசலை அடைத்தபடி ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு பழைய பேட்டரி, இரண்டு ஒயர். எந்தச் சாமானையும் அந்த பேட்டரியில் மாட்டிக் காட்டாமல் கொடுக்கமாட்டார். பல்பு எரிய வேண்டும், ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்த வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்வார். சாமான் வந்த அட்டைப்பெட்டியை நம் கண்ணெதிரே நாலாகக் கிழித்து, காலடியில் இருக்கும் சாக்கில் போடுவார். சாமானைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் தருவார். வடையைக் கட்டிக் கொடுப்பது போல இருக்கும்.

நான் முதன்முதலில் அங்கே போனது ஆல்டர்னேட்டர் வாங்க. ஓடுகிற வண்டியில் பேட்டரிக்கு கரண்ட் ஏற்றிக்கொண்டே இருக்கிற சாமான் அது. அது போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அண்ணாச்சி அதை ஒரு சின்ன மோட்டாரோடு பெல்ட் மாட்டிச் சுற்றவிட்டு மீட்டரைக் காட்டினார். எல்லாம் சரி. பெட்டியைக் கிழிக்கப் போனபோது அவர் கையைப் பிடித்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற ஏட்டு, கம்பெனிப் பெட்டி இல்லாமல் சாமான் வாங்கமாட்டேன் என்றேன். பெட்டியை மறைக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் கணக்கு. அவர் கோபப்படவில்லை.

"பெட்டிதான் வேணும்னா தாராளமா கொண்டு போங்க ஏட்டையா. ஆனா பெட்டியப் பாத்து சாமான் வாங்காதீங்க. வேல முடிஞ்ச பொறவு நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க" என்றார்.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் கடையின் ஊதா சீலைக் குத்தினார். வண்டி எண்ணைக் கேட்டு, அதன் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினார். பெட்டி கேட்கிற எல்லோருக்கும் அப்படித்தானாம். என் வண்டி எண் இவருக்கு எதற்கு என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கிழிக்கவில்லை. வாரண்டிக்கு ஆகும் என்று பரணில் போட்டு வைத்தேன்.

இதற்கு நடுவில் என் மகள் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். வைப்பர், பல்பு, ஃப்யூஸ் எல்லாம் வாசலுக்கே வந்தன. ஒன்றும் மோசமில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சியைச் சீண்டுவதற்காகவே ஒருநாள் கடை வாசலில் நின்று அதைச் சொன்னேன். பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு புது மீட்டரை எடுத்துக் காட்டினார். அவரும் ஆன்லைனில் வாங்கியதுதான். "அங்க எல்லாம் திருட்டுன்னு நான் சொல்லமாட்டேன். இந்தத் தெருவுலயும் திருடன் இருக்கான். அங்க மாட்டிப் பாத்து வாங்க ஏலாது, அம்புட்டுதான்" என்றார். இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாரே என்று அன்றைக்கு என் சந்தேகம் இன்னும் கூடியது.

அவர் கொடுத்த ஆல்டர்னேட்டர் மூன்று வருஷம் முணுமுணுக்காமல் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் வத்திராயிருப்புப் பக்கம் ரோட்டில் நின்ற வெள்ளத்தில் வண்டியை இறக்கினேன், தண்ணீர் உள்ளே போய்க் கெட்டது. அது என் தவறு. அடுத்ததை போனில் வாங்கினேன். விலை குறைவு, படம் பளபளவென்று இருந்தது. பெட்டியும் கம்பெனிப் பெட்டிதான். பெட்டியைப் பார்த்தே மனம் நிறைந்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றே வாரம். வத்திராயிருப்பிலிருந்து ஒரு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தேன். புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஆண்டாள் கோயில் நடை சாத்துவதற்குள் அம்மன் சூடிய மாலையை வாங்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள். வ. புதுப்பட்டி தாண்டியதும் மீட்டர் பக்கம் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. வேறு வண்டி வந்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். பெண்ணின் அப்பா அதுவரை வந்த தூரத்துக்கு வாடகையை எண்ணி என் கையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மெக்கானிக் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எல்லாம் பழசு, மேலே பெயிண்ட் மட்டும் புதுசு. திருப்பி அனுப்பப் போட்டிருந்த கெடுவும் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திருட்டு நடந்த இடத்தைப் பார்ப்பது போல அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அடியில் விலை லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில் அரை வட்டம் எட்டிப் பார்த்தது. வளைந்த எழுத்தில் "பாளையம்" என்று இருந்தது. அண்ணாச்சியின் சீல். ஆக, கிழித்துச் சாக்கில் போடுவதெல்லாம் வேஷம், நல்ல பெட்டிகளைப் பின்வாசல் வழியாகப் போலிச் சாமான்காரர்களுக்கு விற்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷம் இருந்தது பாருங்கள், அதை இப்போது எழுதக் கூசுகிறது.

மறுநாள் ஸ்டாண்டிலிருந்து மூன்று பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பெட்டியை பெஞ்சில் போட்டு, இது என்ன என்று கேட்டேன். அண்ணாச்சி அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்த லேபிளின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். பிறகு என்னையும் கூட வந்தவர்களையும் பார்த்தார்.

"இந்த லேபிள உரிச்சுப் பாத்தீங்களா ஏட்டையா?"

தடயத்தை எவனாவது கெடுப்பானா என்று கேட்டேன்.

"வீட்டுல போயி, தனியா உக்காந்து உரிச்சுப் பாருங்க. பொறவு வாங்க, பேசுவோம்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு சாட்சிகளைப் பார்த்தேன். சீல் இருக்கிற இடத்தையே பிய்க்கச் சொல்கிறார், ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் பார்த்தீர்களா என்றேன். பெட்டியைப் பாலிதீன் பையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து எங்கள் ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அவர் கடை வாசலில் நிற்கவில்லை. ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் நான் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் எங்கேயும் மறுத்துப் பேசியதாக என் காதுக்கு வரவில்லை. குற்றம் செய்தவர்தான் வாயைத் திறக்கமாட்டார் என்று அதையும் என் பக்கமே சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு ஒரே ஒரு தடவை போனேன். போன வருஷம், பொழுது சாயும் நேரம், ராஜபாளையத்தில் வைத்து ஹெட்லைட் பல்பு போய்விட்டது. பக்கத்தில் அவர் கடை மட்டும்தான் திறந்திருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளரை வரவேற்பது போலத்தான் வரவேற்றார். பல்பை மாட்டி எரியவிட்டார், சின்னப் பெட்டியைக் கிழித்தார், தாளில் சுற்றித் தந்தார். கிளம்பும்போது, "உரிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அவர் மகனிடம் பேசி முடித்த அன்று காலை, பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தேன். வழக்கே முடிந்துவிட்டது, இனி இந்தத் தடயம் யாருக்கு என்று தோன்றியது. லேபிளின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தேன். முழு வட்டமாக சீல் இருந்தது. அதன் பக்கத்தில் அழுத்தி எழுதிய எண். என் வண்டியின் எண்.

சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்த என் மனைவிதான் சொன்னாள். "இது நம்ம பரண்ல கெடந்த பெட்டில்லா? மொபெட்டுல பிளாஸ்டிக் சாமான் கொண்டாந்தவருக்கு நீங்கதான எடுத்துக் குடுத்திய? அதுக்குத்தான இந்த நீல வாளி."

எல்லாம் ஞாபகம் வந்தது. காருக்கு வாங்கிய சாமானின் காலிப்பெட்டி, மடங்காத பெட்டி இருக்கிறதா என்று அந்த ஆள் குறிப்பாகக் கேட்டார். ஒரு பெட்டிக்கு ஒரு வாளி. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், காலிப்பெட்டியைத் தேடி வந்தவரிடம் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. என் பெட்டிக்குள் யாரோ பழைய சாமானை வைத்து, எழுத்தின்மேல் லேபிளை ஒட்டி, அது ஊரெல்லாம் சுற்றி அதே மாடல் கார் வைத்திருக்கிற என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அண்ணாச்சி பெட்டிகளை ஏன் கிழித்தார் என்பது அந்த எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ராஜபாளையத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு, அவர் மகனைத் தனியே அழைத்துப் பெட்டியைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும் ஏட்டையா. அழுத்தி எழுதுன உங்க வண்டி நம்பர் லேபிளுக்கு மேலேயே வெரல்ல தட்டுப்பட்டிருக்கு. மூணு பேரு முன்னால வச்சு எப்படிச் சொல்லன்னு சும்மா இருந்துட்டாவ."

தெரிந்தே நான் பெட்டியை விற்றிருப்பேன் என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'தெரிஞ்சு வித்தவன் அதே பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வருவானா லே?'ன்னாவ."

வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே அழுதேன்.

காரியம் முடிந்து மகன் கடையைத் திறந்த அன்று போனேன். அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை நாலாகக் கிழித்து பெஞ்சுக்குக் கீழே இருந்த சாக்கில் என் கையாலேயே போட்டேன். மகனும் அப்பாவைப் போலவே மாட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார். போனில் வாங்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. வைப்பர் நானும் அங்கேதான் வாங்குகிறேன், வந்த பெட்டியைக் கிழித்துவிடுகிறேன். ஆனால் அண்ணாச்சியைப் பற்றி உங்களிடம் நான் சொன்னது அத்தனையும் பொய். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு லேபிளை உரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சீலும் எண்ணும் உள்ள அந்த அட்டைத் துண்டு இப்போது என் வண்டியில் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொல்கிறேன். வண்டி கழுவ வேறு வாளி வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள் மனைவி. இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.